ஏ.என்.ஏ. நெகட்டிவ், ஆனாலும் பாதம் எரிகிறது: அடுத்து என்ன பரிசோதனை?

ஏ.என்.ஏ. (உடல் தன் சொந்த செல்களுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து, உங்கள் பாத எரிச்சலுக்கும் மரத்துப்போவதற்கும் தன்னெதிர்ப்பு நோய் காரணமில்லை என்று முடிவுகட்ட முடியாது.

நான் முதலில் சந்தேகப்படுவது ஷோக்ரன் நோயை; கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் அது. கண்ணும் வாயும் உலரத் தொடங்கும் முன்பே அது நரம்பைத் தாக்கலாம். அதைக் காட்டும் ஆன்டி-ரோ எதிர்ப்பொருள் சிலருக்கு ஏ.என்.ஏ. பரிசோதனையில் பிடிபடாது. அதனால் எஸ்எஸ்ஏ (ஆன்டி-ரோவின் இன்னொரு பெயர்), அதோடு சேர்த்துப் பார்க்கும் எஸ்எஸ்பி எதிர்ப்பொருள் இரண்டையும் தனியாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

கூடவே, ரத்தத்தில் அசாதாரணப் புரதம் இருக்கிறதா என்று காட்டும் சீரம் புரத எலக்ட்ரோபோரெசிஸ், இம்யூனோஃபிக்சேஷன் பரிசோதனைகளையும் பார்ப்பது நல்லது. ஐ.ஜி.எம். வகை அசாதாரணப் புரதம் தெரிந்தால் அடுத்தது, நரம்பு உறையைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி-மேக் பரிசோதனை.

சரி, சர்க்கரையும் பி12-உம் பார்த்தாயிற்றா? பி12 எல்லைக்கோட்டில் இருந்தால் உண்மையிலேயே பி12 குறைவா என்று காட்டும் மெத்தில்மலோனிக் அமிலமும் பாருங்கள். அரிய நோயைத் தேடும் அவசரத்தில், மருந்தால் சரியாகக்கூடிய இந்தக் குறை விடுபட்டுப்போகக் கூடாது.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: ரத்தத்தில் எதுவும் தெரியாமலும் ஷோக்ரன் இருக்கலாம், அப்போது உதட்டுச் சுரப்பி பயாப்சி தேவைப்படும். அப்புறம், கால் பலவீனம் சில நாட்களிலேயே மேலே ஏறினாலோ மூச்சு திணறினாலோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.