மாற்கு சுவிசேஷத்தில் இயேசு தன்னைக் கடவுள் என்று எங்கேயாவது சொல்கிறாரா?

"நான் கடவுள்" என்ற வார்த்தைகளில் எங்கேயும் சொல்லவில்லை. யாரோ உங்களிடம் "ஒரு வசனம் காட்டு பார்ப்போம்" என்று மடக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னை மடக்கியவன் ஓர் எட்டாம் வகுப்புப் பையன்.

அப்போது எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி வாத்தியார் நான். அன்றைக்குப் பாடம் மாற்கு 6. சீஷர்கள் எதிர்காற்றில் துடுப்புப் போட்டுத் தவிக்கிறார்கள், இயேசு கடல்மேல் நடந்து வருகிறார். பையன் எழுந்து, "சார், 'கடந்துபோகிறவர்போல் காணப்பட்டார்'னு போட்டிருக்கே. உதவிக்கு வந்தவர் எதுக்குத் தாண்டிப் போறார்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. "வசனத்தைக் கேள்வி கேட்கக் கூடாது, உட்கார்" என்று அதட்டிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

சில மாதம் கழித்து, உறவில் ஒரு துக்க வீட்டில் பெரியவர் ஒருவர் யோபு வாசித்துக்கொண்டிருந்தார். 9ஆம் அதிகாரம். தேவன் ஒருவரே சமுத்திர அலைகளின்மேல் நடக்கிறவர் என்று 8ஆம் வசனம். மூன்று வசனம் தள்ளி, "அவர் கடந்துபோகிறார், நான் அவரை அறியேன்." அதே கடந்துபோகிறார்! மாற்கு எழுதிய கிரேக்கத்திலும் யோபுவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் ஒரே வினைச்சொல்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். யாத்திராகமம் 33இல் மோசேக்கு முன்பாகத் தேவனுடைய மகிமை கடந்துபோவதும் இப்படித்தான். மாற்கு சொல்லும் விதமே இதுதான். பழைய ஏற்பாட்டில் தேவன் செய்வதை இயேசு செய்வதாக எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். மத்தேயுவும் யோவானும் இதே சம்பவத்தை எழுதும்போது அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

2ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். இயேசு ஒருவனுடைய பாவத்தை மன்னிக்கிறார். தேவனைத் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று கேட்பது எதிராளிகளான வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர்கள். 4இல் காற்றும் கடலும் கீழ்ப்படிகிறதே, இவர் யாரோ என்று சீஷர்கள் கேட்பதோடு சம்பவம் முடிந்துவிடுகிறது. பிசாசுகளுக்கு அவர் யாரென்று தெரிகிறது, அவற்றையும் பேசாதே என்று அதட்டுகிறார். இந்த ரகசியத்தைப் பற்றி வ்ரேடெ என்ற ஜெர்மன் வேத அறிஞர் 1901இலேயே புத்தகம் போட்டார். தாம் யாரென்று இயேசு வாய் திறந்து ஒத்துக்கொள்வது 14:62இல், பிரதான ஆசாரியன் முன்னால். அங்கேயும் கேள்வி "தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து நீதானா" என்பதுதான்.

உடனே சிலர் 10:18, 13:32 என்று வருவீர்கள். தெரியும். "என்னை நல்லவன் என்று ஏன் சொல்கிறாய்" என்பதும், முடிவு வரும் அந்த நாள் குமாரனுக்கும் தெரியாது என்பதும் இதே மாற்கில்தான் இருக்கின்றன. நான் மழுப்பவில்லை, மாற்கும் மழுப்பவில்லை. இன்னொரு பக்கத்தார் "ஆபிரகாமுக்கு முன்னமே நான் இருக்கிறேன் என்று இயேசு சொல்லும் யோவான் 8:58 இருக்கும்போது இதெல்லாம் எதற்கு" என்பீர்கள். ஐயா, கேள்வி மாற்கைப் பற்றி. நான் இறையியல் படித்தவனும் இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்.

படித்திருக்கலாம், புத்தகம் இருந்திருந்தால். ஞாயிறு பள்ளிக்கு நாலு விளக்கவுரை வாங்கித் தாருங்கள் என்று கமிட்டியில் மூன்று வருஷம் கேட்டேன். பணமில்லை என்றார்கள். அதே வருஷம் புது ஸ்பீக்கர் செட் வந்தது. இப்போது பிரசங்கம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கிறது.

துக்க வீட்டுக்குப் போய்வந்த அடுத்த வாரமே அந்தப் பையனிடம் போய் யோபுவைத் திறந்து காட்டினேன். கேட்டதே அவனுக்கு ஞாபகம் இல்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.