வாசகர் கேள்வி – பதில்: தெருநாய்க்குச் சோறு, அதற்கு அப்பால்

கேள்வி (கும்பகோணம் வாசகி): எங்கள் தெருவில் சில குடும்பத்தார் சேர்ந்து பணம் போட்டு, இரவில் தெருநாய்களுக்குச் சோறு வைத்து வருகிறோம். நாங்கள் சோறு வைப்பதால்தான் நாய்கள் பெருகுகின்றன என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் அவர்கள் பேச்சை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களின் பின்புறம் கொட்டப்படும் எச்சில் இலைகளும், இறைச்சிக் கடைக் கழிவும், மூடாத குப்பைத் தொட்டிகளும் தரும் தீனியோடு பார்த்தால் நீங்கள் வைப்பது கொஞ்சம்தான். ஆயினும் கருத்தடை செய்யப்படாத பெண் நாய்க்கு நாள்தோறும் வயிறு நிறைந்தால், அது சினைப்பட்டு ஏறத்தாழ 63 நாளில் குட்டி போடும். அக்குட்டிகளில் பிழைப்பவையும் கூடும். ஆகவே சோறு வைக்கிறவர்களே கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முதலில் முன்வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு வேண்டிய பலம் உங்களிடம் இருக்கிறது. அந்த நாய்கள் உங்களை நம்புகின்றன. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பிட்டுப் பழகிய நாயைப் பெரும்பாலும் துரத்தாமலேயே பிடித்துவிடலாம். வலை வீசித் துரத்திய நாயோ அடுத்த முறை வண்டியின் சத்தம் கேட்டாலே ஓடி ஒளியும். ஒரு நோட்டில் ஒவ்வொரு நாயின் நிறம், ஆணா பெண்ணா, கருத்தடை ஆனதற்கு அடையாளமான காது வெட்டு உண்டா, தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பவற்றை எழுதி வையுங்கள். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. எனவே அந்த நோட்டின் நகலை இணைத்து, தெருவினர் அனைவரும் கையெழுத்திட்ட மனுவாக மாநகராட்சியில் கொடுங்கள். உங்களோடு சண்டையிடுபவர்களின் கையெழுத்தையும் கேட்டு வாங்குங்கள். நாய்கள் குறைய வேண்டும் என்பதில் அவர்களுக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லையே.

கருத்தடையில் பெண் நாய்களுக்கு முதலிடம் கொடுங்கள். பால் கொடுக்கும் தாயைக் குட்டிகள் பால் மறக்கும்வரை விட்டுவிடுங்கள். அறுவைக்குப் பின் குறைந்தது 4 நாள் கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஐப்பசி அடைமழையில் தெருவெல்லாம் சேறும் தண்ணீருமாகிவிடும் நம் பகுதியில், குறுவை அறுவடைக் காலத்துக்குள்ளாகவே இவ்வேலையை முடித்துக்கொள்வது புண் ஆறுவதற்கு நல்லது.

ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், அதற்கு இணங்காதீர்கள். காலியான இடத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் இல்லாத வேறு நாய்கள் வந்து சேரும். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதை 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் ஏற்றது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடிபட்டவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று அதே ஆண்டு நவம்பரில் கூறியது. சோற்றையும் இதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடமும் வீட்டு வாசலும் அதற்கு ஆகா. சாப்பிட்டு முடித்ததும் அந்த இடத்தைக் கூட்டிக் கழுவிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): நாங்கள் வளர்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளும் தெருநாய் என் மகன் கையைப் பல்லால் கீறிவிட்டது. மஞ்சள் வைத்திருக்கிறோம். ஊசி தேவையா?

பதில்: கட்டாயம் தேவை; இதைப் படித்ததும் புறப்படுங்கள். மஞ்சளைக் கழுவிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதையும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசமாகவே கிடைக்கும். இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். நாயை 10 நாள் கவனித்து வாருங்கள், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் அநேகமாக எவரையும் காப்பாற்ற முடிவதில்லை. பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று நடுவில் விட்டுவிடாமல், மருத்துவர் குறித்துத் தரும் தேதிகளில் எல்லாத் தவணைகளையும் போட்டு முடியுங்கள்.

கேள்வி (மன்னார்குடி வாசகி): பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கோயில் வாசலில் விட்டுப் போகிறார்கள். எடுத்து வந்து பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் இறந்துவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: பசும்பால் பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும் குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புறப் படுத்த நிலையில் வைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். மல்லாத்தினால் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடல் சில்லிட்டிருந்தால் பாலுக்கு முன் கதகதப்பு தர வேண்டும். சாக்கில் கட்டி விடுகிறவர்கள் யார் என்று தேடுவதைவிட, குட்டி போடும் தாய்ப்பூனை எந்த வீட்டில் சாப்பிடுகிறது என்று தேடுங்கள். பூனை 5 மாதத்திலேயே சினைப்படக்கூடியது. பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். ஆகையால் வீட்டாரிடம் பேசி அந்தத் தாயை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கருத்தடைக்கு அழைத்துச் செல்ல நீங்களே உடன் போங்கள். செலவைத் தெருவினர் பகிர்ந்துகொண்டால் மறுப்பவர்கள் குறைவு.