பாலைவன மணற்கல் வளைவைக் குடைந்தது காற்றா? அது ஏன் இன்னும் விழவில்லை?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவின் படத்தைப் போட்டு இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது.

காற்றுக்கு இதில் சில்லறை வேலைதான். உதிர்ந்து கிடக்கும் மணலை வாரிக்கொண்டு போகும், அவ்வளவே. உதிர வைப்பது தண்ணீர். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழையே பெரிது என்கிற இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தோன்றும். அவசரமே இல்லாத வேலைக்கு அந்த மழை போதும்.

ஆனால் கதை தொடங்குவது மணலில் இல்லை, உப்பில். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடல் திரும்பத் திரும்ப வற்றி, தடிமனான உப்புப் படுகையை விட்டுச் சென்றது. அதன்மேல் அடுக்கடுக்காக வண்டலும் மணலும் சேர்ந்து பாறையாயின. நாம் படத்தில் பார்க்கும் செம்மணற்கல் டைனோசர் காலத்தது; என்ட்ராடா மணற்கல் என்பார்கள். பெரும் பாரம் ஏறினால் உப்பு கெட்டியாக இருக்காது, மெல்ல நகரும். அது நகர்ந்து ஓரிடத்தில் புடைக்க, மேலே இருந்த பாறை வளைந்து, வரிசை வரிசையாக விரிசல் விட்டது. விரிசல்கள் அகன்றதும் நடுவில் மிஞ்சியவை ஒல்லியான மதில்கள். இந்த மதில்களில் விழுந்த ஓட்டைகள்தான் வளைவுகள்.

ஓட்டை விழும் விதம் இதுதான். மணற்கல்லில் மணலை மணலோடு ஒட்டி வைத்திருப்பது பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். மழைநீரில் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. அது கால்சைட்டைக் கரைக்கும். குளிர்காலத்தில் விரிசலுக்குள் நிற்கும் நீர் உறைந்து விரிந்து பாறையை நெம்பும். மேலே கெட்டிப் பாறையும் கீழே மென்மையான அடுக்கும் சந்திக்கும் இடத்தில் ஈரம் தங்குவதால் பல வளைவுகள் அங்கேதான் தொடங்குகின்றன. ஆறு ஓடிக் குடைந்து உருவாகும் பாறைப் பாலங்கள் வேறு சங்கதி; அவற்றைப் பொதுவாகத் தனியாகப் பிரித்துச் சொல்வார்கள்.

சரி, இவ்வளவு அரித்தும் ஏன் நிற்கிறது? 2014-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒட்டும் பொருளே இல்லாமல், மணல் மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மட்டும் நிற்கும் ஒருவகை மணற்கல்லைச் சதுரக் கட்டிகளாக வெட்டி, தலையில் பாரம் வைத்து, தண்ணீரில் நனைத்தார்கள். பக்கங்கள் உதிர்ந்து கட்டி ஒல்லியாகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அரிப்பு தானாகவே நின்றுவிட்டது. குறுக்களவு சுருங்கச் சுருங்க அதே பாரம் மிச்சப் பகுதியை இன்னும் இறுக்கி அழுத்தியதுதான் காரணம், மணிகள் பூட்டிக்கொண்டன. அதாவது பாரம் சுமக்காத மணல் உதிர்ந்துபோகிறது, சுமக்கிற மணல் நிலைக்கிறது. வளைவின் அந்த நேர்த்தியான வடிவம் பாரம் இறங்கும் பாதையேதான். இதைப் படித்த பிறகு ‘இயற்கைச் சிற்பி’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. சிற்பி வெளியிலிருந்து செதுக்குபவர். இங்கே வடிவத்தைத் தீர்மானிப்பது கல்லின் சொந்தப் பாரம்.

நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். டெலிகேட் ஆர்ச் இருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2,000-க்கு மேல் வளைவுகள் உண்டு (ஓட்டை ஏதாவது ஒரு திசையில் 90 சென்டிமீட்டராவது இருந்தால்தான் கணக்கில் சேரும்). அவற்றில் மிக நீளமானது லேண்ட்ஸ்கேப் ஆர்ச், சுமார் 93 மீட்டர். மிக மெலிந்த இடத்தில் தடிமன் 2 மீட்டர்கூடத் தேறாது. 1991 செப்டம்பரில் அதன் அடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தவர்கள் படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்டு விலகி ஓட, 18 மீட்டர் நீளப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. பிற்பாடு அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் முழுசாகவே சரிந்தது. மாறாக, 1940-இல் ஸ்கைலைன் ஆர்ச்சிலிருந்து ஒரு பெரும்பாறை விழுந்தபோது திறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது, வளைவு இன்றும் நிற்கிறது.

உங்கள் படத்தில் உள்ள டெலிகேட் ஆர்ச்சின் உயரம் சுமார் 16 மீட்டர். மதில் முழுக்கக் கரைந்துபோய் வளைவு மட்டும் மிஞ்சியதால்தான் தனியாகத் தெரிகிறது. ஒரு கால் நடுவில் இடை போல ஒடுங்கியிருப்பதைப் பார்த்துப் பயந்து, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசலாமா என்றுகூட ஒரு காலத்தில் பூங்காத் துறை யோசித்தது. நல்லவேளை, கைவிட்டார்கள். 2006-இல் ஒரு மலையேற்ற வீரர் அதன் உச்சிக்கே ஏறி நின்றதும் எழுந்த கூச்சலுக்குப் பிறகு, பெயர் சூட்டப்பட்ட எந்த வளைவிலும் ஏறக் கூடாது என்று விதி கடுமையானது.

நேரில் போவதென்றால், போய்வர ஐந்து கிலோமீட்டர் நடை, பெரும்பகுதி மொட்டைப் பாறைமேல் ஏற்றம். வழியில் தண்ணீர் கிடைக்காது, சுமந்துதான் போக வேண்டும்.