கேத்தல் போட்டால் மங்கும் விளக்கு

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பேராதனையில் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. முதல் வருடம் முடிந்ததும் துறையைத் தெரிவுசெய்ய வேண்டும். மின், இலத்திரனியல் பொறியியல் படிக்க ஆசை. மாமா கம்ப்யூட்டர் எடு என்கிறார். அண்ணன், "பொம்பளப்புள்ள கரண்ட் போஸ்ட்ல ஏறப் போறியா" என்று சிரிக்கிறான். கோட்டாவில் போகிறவள்தானே என்று சிலர் சொல்வதும் உறுத்துகிறது. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு சரிவருமா? பக்கத்துக் காம்பராவில் கரண்ட் கேத்தல் போட்டால் எங்கள் வீட்டு விளக்கு ஏன் மங்குகிறது என்று இந்த லீவில் கண்டுபிடித்தேன். என் அனுபவம் அது மட்டும்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

கோட்டாப் பேச்சை விடு. பல்கலைக்கழக இடங்களில் நூற்றுக்கு 55 மாவட்ட அடிப்படையில்தான் பகிரப்படுகின்றன, கொழும்புப் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. அண்ணனிடம், போஸ்டில் ஏறுகிறவர் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறார், சிரிக்க அதில் ஒன்றுமில்லை என்று சொல்.

எனக்குக் கோபம் உன்மேல்தான். ஊரார் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டு, நீயாகக் கண்டுபிடித்ததை ஒரு வரியில் முடித்து, அதற்கும் "அது மட்டும்தான்" என்று வால் வைத்திருக்கிறாய். அந்த வரி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருக்கவே மாட்டேன்.

என் அப்பா ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் ரூமில் வேலை செய்தார். ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கித் தோட்டமே சின்ன டர்பைன் ஓட்டிய காலம். பெல்ட் சத்தம் கொஞ்சம் கனத்தால் போதும், "மேல ரோலர் போட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வால்வைத் திறப்பார். பாரம் கூடினால் சுழற்சி தளரும், தளர்ந்தால் தண்ணீரைக் கூட்ட வேண்டும். நாடு முழுவதற்கும் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் கெடாமல் பார்ப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். பெரிய மின்நிலையத்தில் கவர்னர் என்ற கருவி செய்வதை அப்பா காதால் செய்தார். செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் அவர் வெறும் தொழிலாளி. ஸ்டோருக்குப் போன கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலால் போனது, கீழே காம்பராவில் குப்பி விளக்கு. அம்மா அதன் புகையிலேயே இருமி இருமிச் சமைத்தாள். லயத்துப் பிள்ளைக்குச் சரிவருமா என்று இனி யாரிடமும் கேட்காதே.

விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை எழுதினார். லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். நீ பார்த்து வளர்ந்த மவுசாகலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று மூன்று இடங்களில் டர்பைனைச் சுழற்றிவிட்டுத்தான் களனி கங்கையாகக் கொழும்புக்குப் போகிறது. பழைய மஸ்கெலியா டவுனே அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அந்தக் கரையில் இருக்கும் லயத்தில் ஒரு கேத்தலுக்கு விளக்கு மங்குகிறது.

சரி, அந்தக் கேத்தலுக்கு வருவோம். 2000 வாட் கேத்தல் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். காம்பரா காம்பராவாக இழுத்துக் கட்டிய மெல்லிய வயருக்குப் போகவர 2 ஓம் தடை என்று வைத்துக்கொள். 16 வோல்ட் வழியிலேயே போய்விடும். உன் விளக்கு மங்குவது அதனால். அதோடு முடிந்தால் பரவாயில்லை. 8 ஆம்பியரை 16 வோல்ட்டால் பெருக்கிப் பார், 128 வாட். அவ்வளவும் வயருக்குள்ளேயே சூடாகிறது. முறுக்கி டேப் சுற்றிய மூட்டு எங்காவது தளர்ந்திருந்தால் சூடு அங்கே இன்னும் ஏறும். மேலே காய்ந்த பலகை. மின் ஒழுக்கால் லயம் எரிந்தது என்று நாம் அடிக்கடி வாசிக்கும் செய்திகளில் பல இப்படித்தான் தொடங்கியிருக்கும். பியூஸ் காப்பாற்றும் என்று நம்பிவிடாதே. 8 ஆம்பியர் அதற்குச் சாதாரணம். ஆளின் உடம்பு வழியாக ஓடும் சொற்ப கரண்ட் அதற்குத் தெரியவே தெரியாது. ட்ரிப் சுவிட்ச் அப்படியில்லை. போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே வெட்டிவிடும். அதற்காக நீ இப்போதே ஸ்குரூ டிரைவரோடு கிளம்பாதே. படித்த எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். லயம் முழுவதும் சேர்ந்து காசு போட்டாவது செய்யுங்கள்.

மாமா சொல்வதிலும் தவறில்லை, கம்ப்யூட்டரும் நல்ல படிப்புத்தான். மின் துறைக்குப் போனாலும் புரோகிராம் எழுதாமல் தப்ப முடியாது. ஆனால் மங்கும் விளக்கைப் பார்த்து ஏன் என்று கேட்டவள் நீ. முதல் வருடத்தில் கணிதத்தை விட்டுவிடாதே, விரும்பிய துறை கிடைப்பதற்குப் புள்ளியும் வேண்டும்.

நீ கண்டுபிடித்த காரணம் என்ன, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுதவேயில்லை. வயரைப் பின்தொடர்ந்து போனாயா, வேறு வீட்டு விளக்குகளையும் கவனித்தாயா? அடுத்த கடிதத்தில் மாமாவையும் அண்ணனையும் விட்டுவிட்டு அதை மட்டும் எழுது.