அம்மாவுக்கு மறதி நோய், எந்த இல்லத்தில் சேர்ப்பது? கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் 24 வருடம் செவிலியர். அப்புறம் மறதி நோயாளிகளுக்கான ஓர் இல்லத்தில் 9 வருடம் மேற்பார்வையாளர். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவைக் கேட்காதீர்கள், அது டாக்டர் சொல்ல வேண்டியது. இல்லங்களின் பெயரையும் சொல்ல மாட்டேன். இன்று நான் நல்ல இடம் என்று சொன்னால், ஆறு மாதத்தில் அங்கே ஆட்களே மாறியிருப்பார்கள்.

மதுரை, மகள்: அம்மாவுக்கு 76 வயது. மூன்று இல்லம் பார்த்துவிட்டோம். மூன்றுமே சுத்தமாக இருந்தன, எல்லாரும் அன்பாகப் பேசினார்கள். எதை வைத்து முடிவு செய்வது, சிஸ்டர்?

எத்தனை மணிக்குப் போனீர்கள்? காலை பத்து, பதினொன்று இருக்கும். அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் தெரியும். எல்லாரையும் குளிப்பாட்டி, டிபன் கொடுத்து, தரை துடைத்து முடித்திருப்பார்கள். மறுபடி ஒரு தடவை போங்கள், சாயங்காலம் 6 மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல்.

மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாய்ந்தால் மனசு தவிக்க ஆரம்பிக்கும். "வீட்டுக்குப் போகணும்", "பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும்" என்று எழுந்து நடப்பார்கள், அழுவார்கள், சிலர் கை ஓங்குவார்கள். பல இடங்களில் அதே நேரத்தில்தான் பகல் ஆட்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, இரவு ஆட்கள் வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள்.

எங்கள் இல்லத்தில் ஒரு அம்மா தினமும் ஆறு மணிக்கு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுவார். புதிதாக வந்த பெண்கள் "உள்ள வாங்க, உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள், அவர் இன்னும் கத்துவார். எட்டாவது வரை படித்த ஓர் ஆயா இருந்தார். அவர் முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போய், "அத்தை, இதை மட்டும் உருவிக் குடுத்துட்டுக் கிளம்புங்க, எனக்குக் கை ஒழியல" என்பார். அந்த அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்து, காம்பை விரலிடுக்கில் பிடித்து உருவ ஆரம்பிப்பார். முக்கால் மணி நேரத்தில் இருட்டிவிடும், சாப்பாடு வந்துவிடும். போக வேண்டியது அவருக்கு மறந்திருக்கும். அப்படி ஓர் ஆள் இருக்கிற இடம்தான் உங்கள் அம்மாவுக்கு நல்ல இடம். டைல்ஸ், ஏசி, தோட்டம் எல்லாம் அப்புறம்.

இன்னும் சில. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். எங்களிடம் 18 பேருக்கு 3 பேர் இருந்தார்கள், அதுவே சில இரவுகளில் போதவில்லை. சாப்பாடு ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி திணிக்கிறாரா பாருங்கள். அங்கிருப்பவர்களின் நகம், வாய், மணிக்கட்டு இந்த மூன்றையும் கவனியுங்கள். மணிக்கட்டு ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சென்னை, மகன்: சென்னையில் நல்ல இல்லமாக ஒரு பெயர் சொல்லுங்கள், மேடம்.

மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் விசாரிக்க இடம் இருக்கிறது. ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் மறதி நோய்க்கென்றே சேவை நடத்துகிறது. 1992 முதல் இயங்கும் இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. 14567 என்பது மூத்த குடிமக்களுக்கான அரசு உதவி எண், கட்டணம் கிடையாது.

சேலம், மருமகள்: மாமனார் போன வாரம் வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக எங்களையே தெரியவில்லை, இல்லாத ஆளோடு பேசுகிறார். அவசரமாக இல்லம் வேண்டும், அக்கா.

இல்லம் தேடுவதை நிறுத்திவிட்டு இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மறதி நோய் மூன்று நாளில் வராது. திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் உப்பு குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் இருக்கும். சமீபத்தில் தலையில் அடிபட்டாரா என்றும் யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள். மூளைக்கு மேல் மெதுவாக ரத்தம் கசிந்து, சில வாரம் கழித்தும் இப்படி ஆகலாம். இதில் பலவற்றைச் சரிசெய்ய முடியும், தாமதித்தால்தான் ஆபத்து.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாக வந்த மறதியாக இருந்தாலும் தைராய்டு, பி12 வைட்டமின், தலை ஸ்கேன் பார்க்காமல் யாரையும் இல்லத்தில் சேர்க்காதீர்கள்.

துபாய், மகன்: கோவையில் அப்பா அம்மாவுக்கு சீனியர் லிவிங் வீடு வாங்கியிருக்கிறோம். மறதி நோய் வந்தால் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள்தானே?

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், தம்பி. இப்படிப்பட்ட வீடுகள் பலவும் தானாக நடமாடும் முதியவர்களுக்காகக் கட்டப்பட்டவை. சாப்பாடு, காவல், நர்ஸ், ஆம்புலன்ஸ் இருக்கும். குளிப்பாட்டி விடவும், இரவில் எழுந்து நடப்பவருக்குக் கூடவே இருக்கவும் ஆள் இருக்காது. நோய் முற்றினால் அவர்களே வைத்துப் பார்ப்பார்களா, வேறு பிரிவுக்கு மாற்றுவார்களா, வெளியே அனுப்புவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

திருநெல்வேலி, மகன்: நாங்கள் பார்த்த இல்லத்தில், எழுந்து நடப்பவர்களை இரவில் துணியால் கட்டிலோடு லேசாகக் கட்டி வைப்போம் என்றார்கள். பாதுகாப்புக்குத்தானே?

வேண்டாம். அந்த இல்லம் வேண்டாம். மணிக்கட்டைப் பாருங்கள் என்றது இதற்குத்தான்.

ஈரோடு, இல்லம் நடத்துபவர்: சிஸ்டர், வெளியிலிருந்து சொல்வது சுலபம். 20 பேருக்கு இரவில் 2 ஆள்தான் என்னால் வைக்க முடிகிறது. கட்டாமல் விட்டு, விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் இதே பிள்ளைகள் என் மேல்தான் போலீசுக்குப் போவார்கள்.

ஐயா, நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. ஒன்பது வருடம் அந்த இரவுகளில் இருந்திருக்கிறேன். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கட்டுவது அதற்கு மருந்து இல்லை. கட்டப்பட்டவர் ஏன் கட்டியிருக்கிறார்கள் என்று புரியாமல் இரவு முழுவதும் இழுப்பார், நழுவுவார், துணி கழுத்துக்கு ஏறிய கதையும் உண்டு. கட்டியபடியே கிடந்தால் படுக்கைப்புண் வரும், சளி கட்டும், சில வாரத்தில் கால் வலு போய்விடும். அப்புறம் அவிழ்த்து விட்டாலும் நடக்க முடியாமல் விழுவார்.

சட்டமும் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 97ஆம் பிரிவு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும், காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஆள் குறைவு என்ற காரணத்துக்காகக் கட்டக் கூடாது என்று அதில் தனியாகவே இருக்கிறது.

ஈரோடு, இல்லம் நடத்துபவர்: அது மனநல மருத்துவமனைகளுக்கு. நான் நடத்துவது முதியோர் இல்லம்.

அந்தச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவாற்றல் என்ற சொல்லும் இருக்கிறது. மறதி நோயாளிகளைச் சேர்க்கும் இல்லம் எந்தப் பதிவில் வரும் என்று மாநில மனநல ஆணையத்திடம் நீங்களே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். ஆனால் சட்டத்தை விடுங்கள் ஐயா. இரவில் எழுகிறவர் ஏன் எழுகிறார் என்று முதலில் பாருங்கள்.

எங்களிடம் ஒரு தாத்தா இரவு இரண்டு மணிவாக்கில் எழுந்து இரண்டு தடவை விழுந்தார். பிள்ளைகளே கட்டச் சொன்னார்கள். ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தோம். ஏழு நாளும் ஒரே நேரம், ஒன்றே முக்காலிலிருந்து இரண்டுக்குள். சிறுநீர் முட்டியிருக்கிறது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ராத்திரி எட்டு மணி டீயை ஆறு மணிக்கு மாற்றினோம். ஒன்றரைக்கு ஆள் போய் எழுப்பிக் கூட்டிப்போனார். கழிப்பறைக் கதவுக்கு மேலே விடிய விடிய ஒரு சின்ன விளக்கு. கட்டிலின் காலை அறுத்து உயரத்தைக் குறைத்தோம். அப்புறம் அவர் எங்களோடு இருந்த நாலு வருடத்தில் இரவில் விழவில்லை. இதற்கு ஆன செலவு தச்சர் கூலி மட்டும்.

வேலூர், பிசியோதெரபிஸ்ட்: சிஸ்டர் சொல்வது சரி. ஆனால் எல்லா விழுதலையும் தடுக்க முடியாது என்பதையும் குடும்பத்திடம் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆமாம், முக்கியமான பேச்சு. நடக்கிறவர் ஒரு நாள் விழலாம். அதை ஏற்றுக்கொள்ளும் குடும்பம் இருந்தால்தான் இல்லமும் பயமில்லாமல் கட்டை அவிழ்க்கும். ஈரோட்டு ஐயா இதையே எழுதிக் கையெழுத்து வாங்கலாம்.

சென்னை, மகள்: கயிறு இல்லை, ஆனால் அம்மாவை எப்போது போய்ப் பார்த்தாலும் தூங்குகிறார். எச்சில் வழிகிறது. முன்பு நன்றாக நடப்பார்.

மாத்திரையால் கட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி போட்டோ எடுங்கள். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடால், ஓலன்சாபின் என்று மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளின் பெயர்கள் இருந்தால், யார் எழுதியது, எதற்கு, எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே கடும் எச்சரிக்கை கொடுத்தது, ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கு 2008இல். லூயி பாடி வகை மறதி நோயில் இவை இன்னும் ஆபத்து. சில நேரம் தேவைப்படும், இல்லை என்று சொல்லவில்லை. நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆனால் டாக்டர் அடிக்கடி பார்த்துக் குறைக்க வேண்டிய மருந்து, ஆயா இஷ்டத்துக்குக் கூட்டுகிற மருந்து இல்லை. இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

திருச்சி, மகன்: நல்ல இல்லம் ஒன்று சொல்லுங்களேன்.

மேலே பாருங்கள்.

புதுச்சேரி, மகள்: மாதக் கட்டணம் எவ்வளவு ஆகும்?

இடத்துக்கு இடம் மாறும். சொல்லும் தொகையில் எது சேராது என்று கேளுங்கள்: டயபர், மருந்து, தனி ஆள், பிசியோ, ஆம்புலன்ஸ். கட்டிய அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம், சாயங்காலம் 6 மணிக்குப் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தஞ்சாவூர், மகன்: அப்பாவிடம் பவர் பத்திரம் வாங்கியிருக்கிறேன். அதை வைத்து இல்லச் செலவுக்கு நிலத்தை விற்கலாமா?

பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் முடிந்துவிடும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. வக்கீலைப் பாருங்கள். நோய் ஆரம்ப நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்கள், அவருக்குப் புரிந்து பேச முடிகிற இப்போதே பேங்க் கணக்கு, பென்ஷன், உயில் எல்லாவற்றையும் அவர் விருப்பப்படி ஒழுங்கு செய்துவிடுங்கள்.

கும்பகோணம், உறவினர்: பெற்றவர்களை இல்லத்தில் தள்ளுவதற்கு வழி சொல்லிக்கொடுக்கிறீர்களே, இது பாவம் இல்லையா?

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் ஒரு மகளோ மருமகளோதான், பெரும்பாலும். இரண்டு வருடமாகச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்காத பெண்கள் எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பாவம் என்று சொல்கிற உறவினர் மாதத்தில் நாலு இரவு அந்த வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். இல்லமே தேவைப்படாமல் போகலாம்.

நாமக்கல், மகன்: கிண்டியில் அரசு முதியோர் மருத்துவமனை இருக்கிறதே, அங்கே சேர்க்கலாமா?

2024இல் திறந்த தேசிய முதியோர் நல மையத்தைச் சொல்கிறீர்கள். அது 200 படுக்கை கொண்ட மருத்துவமனை, தங்க வைக்கும் இல்லம் அல்ல. நோயைக் கண்டறியவும் சிகிச்சைக்கும் போகலாம்.

காரைக்குடி, மகள்: நல்ல இல்லம்...

மேலே.

மதுரை, மகள்: சிஸ்டர், நீங்கள் சொன்னபடி இன்று 6 மணிக்கு இரண்டாவது இடத்துக்குப் போனேன். ஒரு தாத்தா கத்திக்கொண்டிருந்தார். ஒரு பையன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் சொல்வதற்கெல்லாம் "ம்" கொட்டிக்கொண்டு கால் அமுக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கவனிக்கவே இல்லை. அங்கேயே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்?

அந்தப் பையன் எத்தனை நாளாக அங்கே வேலை பார்க்கிறான், வாரத்தில் எத்தனை நாள் இரவு வருகிறான் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், மா.

புதுப் போர்வை வாங்காதீர்கள். வீட்டில் போர்த்துகிற பழைய போர்வையைத் துவைக்காமல் கொண்டுபோங்கள், அந்த வாசனை வேண்டும். அவர் காபி குடிக்கிற டம்ளர். அவர் இள வயதில் இருக்கிற ஒரு போட்டோ, இப்போதைய முகத்தை அவர் அடையாளம் காணாமல் போகலாம். அப்புறம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எத்தனை மணிக்கு எழுவார், எந்தக் கையால் கட்டிலைப் பிடித்து எழுவார், தலைக்கு வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எதைச் சொன்னால் அழுவார். அந்தத் தாளை ஆபீசில் கொடுத்தால் பைலுக்குள் போய்விடும். அந்தப் பையன் கையில் கொடுங்கள்.