கைனசின் வீடியோ பார்த்த மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

"செல்லுக்குள்ள மூட்டை தூக்கிட்டு நடக்கிற ஒரு புரதத்தைப் பார்த்துட்டு, அதைத்தான் படிப்பேன்னு அடம்பிடிக்கிறா. இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். எனக்கு உறுத்தியது அடுத்த வரிதான்: கணக்கை விட்டுவிட்டு உயிரியல் மட்டும் எடுக்கப்போகிறாளாமே!

அவள் பார்த்தது கைனசின் என்ற மோட்டார் புரதம். செல்லுக்குள் தண்டவாளம் போலிருக்கும் நுண்குழலின் மேல் கால் மாற்றிக் கால் வைத்துப் போகும். ஓரடிக்கு 8 நானோமீட்டர், செலவு ஒரு ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்று. 1985-இல் கணவாய் மீனின் நரம்பிழையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அந்த 8 நானோமீட்டர் அடியைக் கண்டது 1993-இல், நுண்பொருளை ஒளியாலேயே பிடிக்கும் லேசர் இடுக்கியால். அந்த இடுக்கிக்காக ஆர்தர் ஆஷ்கின் 2018-இல் பெற்ற நோபல், இயற்பியலுக்கானது. வீடியோவில் ஒய்யாரமாக நடப்பதும் அனிமேஷன் அழகுதான்; நிஜத்தில் சுற்றியுள்ள மூலக்கூறுகள் இடித்துத் தள்ள, ஆடி ஆடித்தான் போகும்.

அவளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் நரம்பிழை. கைனசினின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். சரக்கு போய்ச்சேர எத்தனை நாள்? பதினொன்றரை நாள் வரும். அதோடு நிறுத்த வேண்டாம். ஒற்றைக் கைனசின் சுமார் நூறு அடி வைத்ததும் நழுவிவிடும். அப்படியானால் சரக்கு எப்படிப் போய்ச்சேருகிறது என்று கேளுங்கள். "ஒரே சரக்கைப் பல மோட்டார்கள் பிடிச்சிருக்குமோ?" என்று அவளே யோசித்துச் சொன்னால் பயமில்லாமல் அனுப்பலாம். பதில் கூகுளிலிருந்து வந்தால், ஆசை வீடியோ மேல்தான்.

வேலை என்றால் ஆய்வுக்கூடம் மட்டுமில்லை. நுண்ணோக்கிப் படங்களை அலசும் மென்பொருள், மருந்துத் துறை என்று கிளைகள் உண்டு. கைனசின் வகை மரபணுவான கேஐஎஃப்5ஏ பழுதானால் கால்கள் விறைக்கும் பரம்பரை நோய் வருகிறது. இன்னொரு மோட்டாரான மயோசினை அடக்கும் மவகாம்டென், இதயத்தசை தடிப்புக்கான மருந்தாக 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒன்றை மறைக்க மாட்டேன். சொந்தமாக ஆய்வு நடத்த பிஎச்டி வேண்டும். கல்லூரியில் கால் வைத்ததிலிருந்து எண்ணினால் பத்து வருடம் ஆகிவிடும். உதவித்தொகை இல்லாத பிஎச்டி இடத்தில் சேர்க்காதீர்கள். இப்போதைக்குக் கணக்கு, இயற்பியல், உயிரியல் மூன்றும் இருக்கும் பிரிவு. அடுத்த முறை வரும்போது அவள் போட்ட கணக்குத் தாளையும் எடுத்து வாருங்கள், அடித்தல் திருத்தலோடு.