வாடகை மின்சைக்கிள் மிதிக்கும்போது ஏன் திடீரென்று பாய்கிறது?

கோவையில் வாடகைக்கு எடுத்த மின்சைக்கிள், மிதித்தால் முதலில் சும்மா இருந்துவிட்டு அப்புறம் திடீரென்று பாய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் காரணம் பெடல் சென்சார்தான். விலை குறைந்த வண்டிகளில், பெடல் அச்சுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் காந்தங்கள் பதித்த வட்டு ஒன்று இருக்கும். பெடல் சுற்றுகிறதா என்பது மட்டும்தான் அந்தச் சென்சாருக்குத் தெரியும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று தெரியாது. அதனால் பெடல் கொஞ்சம் சுற்றிய பிறகே மோட்டார் எழும்பும், காலை நிறுத்தினாலும் ஒரு கணம் இழுத்துக்கொண்டே போகும். கால் அழுத்தத்தை அளக்கும் டார்க் (torque) சென்சார் உள்ள வண்டியில் அந்த அழுத்தத்துக்கு ஏற்ற மோட்டார் உதவி கிடைக்கும், இந்தத் தொல்லை குறைவு. வட்டு நகர்ந்திருந்தாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ உதவி விட்டுவிட்டு வரும்.

காந்திபுரம் மாதிரி நெரிசலில் இது உண்மையிலேயே ஆபத்து. குறைந்த உதவி நிலையிலேயே கிளம்புங்கள். சிக்னலில் நிற்கும்போது பிரேக்கைப் பிடித்தே இருங்கள், பல வண்டிகளில் அது மோட்டாரையும் துண்டிக்கும். எடுக்கும்போதே மோட்டார் உள்ள சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றி, பிரேக் பிடித்துப் பாருங்கள். மோட்டார் நிற்கவில்லையா, அந்த வண்டி வேண்டாங்க, வேறு கேளுங்கள்.